சோழியும் வாக்கியமும்: புதுச்சேரியில் நிகழ்ந்த இரு வானியல் சோதனைகள் (1768–1825)

ஆய்வுச் சுருக்கம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஐரோப்பிய வானியலர் இருவர் புதுச்சேரியில் தமிழ்க் கணிதர்களைச் சந்திர கிரகணம் கணிக்கச் செய்து, கிடைத்த விடையின் துல்லியத்தை அளந்து பதிவு செய்தனர். முதலாமவர் பிரெஞ்சு வானியலர் லெ ஜந்தீல். இரண்டாமவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன். முதற் சோதனையின் முடிவு தமிழ்க் கணிதத்தின் பெருமைக்குச் சான்றாகவும், இரண்டாவதன் முடிவு அதன் தேய்வுக்குச் சான்றாகவும் எடுத்தாளப்பட்டு வருகின்றன. இவ்விரு முடிவுகளும் எவற்றை அளந்தன, எவற்றை அளக்கவில்லை என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. வாக்கியக் கணித முறையின் உள்ளமைப்பை விளக்கி, ‘கோட்பாடு அறியாதவர்’ என்று கணிதர் மீது வைக்கப்பட்ட மதிப்பீடு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதையும் இது மறுபரிசீலனை செய்கிறது.

திறவுச் சொற்கள்

வாக்கியக் கணிதம், சோழிக் கணக்கு, கடபயாதி, சந்திர கிரகணம், லெ ஜந்தீல், ஜான் வாரன், பஞ்சாங்கம்.

முன்னுரை

ஒருவரின் வானியல் அறிவைச் சோதிப்பது எப்படி என்னும் வினாவுக்கு இன்றைய கல்விமுறை எளிய விடை வைத்திருக்கிறது. கோள்களின் பெயர், தொலைவு, சுற்றுக்காலம், கண்டறிந்தவர், கண்டறிந்த ஆண்டு ஆகியவற்றைக் கேட்பதே பொது அறிவுத் தேர்வுகளின் வழக்கம். செய்தியை நினைவிற் கொண்டிருப்பதே அங்கு அறிவின் அளவுகோல். இரு நூற்றாண்டுகளுக்கு முன்னர்ப் புதுச்சேரியில் நிகழ்ந்த சோதனைகள் வேறு வகையானவை. நிலவு எப்போது மறைபடத் தொடங்கும், எப்போது விடுபடும் என்று கணித்துச் சொல்லுமாறு அங்கே கேட்கப்பட்டது. விடையைச் சரிபார்க்க வானமே இருந்தது.

வினா எழுப்பியவரும் விடை சொன்னவரும் வெவ்வேறு கணித மரபுகளைச் சேர்ந்தவர்கள் என்பதே இச்சோதனைகளின் தனித்தன்மை. வினவியவரிடம் தொலைநோக்கியும் கடிகாரமும் அச்சிட்ட அட்டவணைகளும் இருந்தன. விடையளித்தவரிடம் ஒரு கைப்பிடிச் சோழியும் மனப்பாடமான வாக்கியங்களுமே இருந்தன. பதிவு செய்யும் உரிமை முதலாமவரிடம் மட்டுமே இருந்தது. ஆகவே நமக்குக் கிடைப்பவை தேர்வாளரின் குறிப்புகளே. விடையளித்தவரின் குரல் அவற்றினூடேதான் கேட்கிறது. இந்த எல்லையை மனத்திற் கொண்டே இச்சான்றுகளை அணுக வேண்டியுள்ளது.

லெ ஜந்தீலும் 1765 ஆம் ஆண்டின் கிரகணமும்

கியோம் லெ ஜந்தீல் (1725–1792) பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் உறுப்பினர். வெள்ளிக்கோள் சூரிய வட்டத்தைக் கடக்கும் அரிய நிகழ்வைப் புதுச்சேரியிலிருந்து நோக்குவதற்காக 1760 இல் பிரான்சிலிருந்து புறப்பட்டார். 1761 சனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனதால் அவர் வந்த கப்பல் திரும்ப நேர்ந்தது. அவ்வாண்டு சூன் 6 அன்று நிகழ்ந்த கடப்பைக் கடல் நடுவில் ஆடும் கப்பலிலிருந்தே அவர் கண்டார். அந்த நோக்கு கணிப்புக்குப் பயன்படவில்லை. அடுத்த கடப்புக்காகக் கீழைக் கடற்பகுதியிலேயே தங்கி, 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இடிந்து கிடந்த கோட்டையின் மேல் அவருக்கு ஒரு நோக்ககம் அமைக்கப்பட்டது. 1769 சூன் 4 காலையில் வானம் மூடிக்கொண்டது. எட்டாண்டுக் காத்திருப்பு வீணாயிற்று.

அவர் வந்த நோக்கம் நிறைவேறாவிடினும் புதுச்சேரியில் கழித்த காலம் வேறொரு பயனைத் தந்தது. தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் அங்கே முயன்று கற்றார். அதன் விளைவுகளை அறிவியற் கழகத்தின் 1772 ஆம் ஆண்டுத் தொகுதியிலும், 1779, 1781 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளியான தம் பயண நூலிலும் எழுதினார். எழுதுகோலும் தாளும் இன்றிச் சோழிகளைத் தரையிலோ பலகையிலோ பரப்பிக் கணிப்பதையும், கணக்கின் படிகள் செய்யுள் வடிவில் நினைவில் நிறுத்தப்பட்டிருந்ததையும் அவர் வியப்புடன் குறிப்பிடுகிறார். இம்முறை ஐரோப்பிய முறையினும் விரைவானது என்பது அவர் கருத்து. ஒரு குறையையும் அவர் சுட்டுகிறார். கணக்கு முன்னேற முன்னேறப் பழைய படிகள் கலைக்கப்படுவதால் பிழை நேர்ந்தால் தொடக்கத்திலிருந்தே செய்யவேண்டும். ஆயினும் அவர்கள் பிழை செய்வது அரிது என்றும், கணிக்கும்போது அவர்களிடம் காணப்படும் அமைதி ஐரோப்பியருக்கு வாய்க்காத ஒன்று என்றும் அவர் எழுதுகிறார்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது 1765 ஆகத்து 30 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணம். லெ ஜந்தீலின் கணக்குப்படி, தமிழ் முறையில் கிடைத்த கிரகண நீட்சி உண்மையைவிட 41 விநாடி குறைவாக இருந்தது. அக்காலத்தில் ஐரோப்பாவின் மிகச் சிறந்தவை எனப் போற்றப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைகள் தந்த நீட்சி 68 விநாடி மிகுதியாக இருந்தது. நாழிகைக் கணக்கில் 41 விநாடி என்பது இரண்டு விநாழிகைக்கும் குறைவு.

இங்கே ஒரு செய்தி கவனத்திற்குரியது. இக்கிரகணம் லெ ஜந்தீல் புதுச்சேரிக்கு வருவதற்கு ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்துவிட்டது. எனவே இது வருவதுரைக்கும் சோதனை அன்று. விடை முன்னரே தெரிந்த வினாவைக் கேட்டு, முறையின் தரத்தை மதிப்பிடும் சோதனை.

வாரனும் 1825 ஆம் ஆண்டின் கிரகணமும்

ஜான் வாரன் ஐரிய வழித்தோன்றலான பிரெஞ்சுக் குடும்பத்திற் பிறந்து ஆங்கிலேயப் படையில் பணியாற்றியவர். வில்லியம் லாம்டனின் நில அளவைப் பணியில் பங்கேற்றார். 1805 முதல் சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு வானியலராக இருந்தார். தென்னிந்தியர் காலத்தைப் பகுக்கும் முறைகளை விளக்கும் ‘கால சங்கலிதம்’ என்னும் அவரது பெருநூல் 1825 இல் சென்னையில் அச்சாயிற்று. தமிழ்நாட்டில் வழங்கும் சௌரமான ஆண்டையும் தெலுங்கு நாட்டில் வழங்கும் சாந்திரமான ஆண்டையும் வேறுபடுத்தி, இரண்டின் கணக்கையும் படிப்படியாகக் காட்டும் நூல் அது.

இந்நூலுக்காக வாரன் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைக் கண்டார். ஆங்கில எழுத்தில் அவர் குறித்துள்ள பெயரைச் சாமிநாதன் சேஷய்யா என்பது போலப் படிக்கலாம். அக்கணிதர் தரையில் சோழிகளை வைத்து, சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்யப்பட்டிருந்த அட்டவணைகளைக் கொண்டு, 1825 மே 31 – சூன் 1 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிடைத்த விடையில் தொடக்கத்துக்கு +4 நிமிடமும், மத்திய காலத்துக்கு −23 நிமிடமும், முடிவுக்கு −52 நிமிடமும் பிழை இருந்தது. அக்கணிதர் இந்திய வானியலின் கோட்பாடுகளில் ஒரு சொல்லும் அறியாதவர், ஆனால் உறுதியான நினைவாற்றல் வாய்ந்தவர் என்பது வாரனின் மதிப்பீடு.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு இடைவெளியில் ஒரே ஊரில், ஒரே வகை முறையால், ஒரே வகை வினாவுக்குக் கிடைத்த இரு விடைகள் இவை. ஒன்றில் பிழை விநாடிகளில் உள்ளது. மற்றொன்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தை எட்டுகிறது. தமிழர் அறிவியலைப் போற்றும் எழுத்துகள் 41 விநாடியை மேற்கோள் காட்டுகின்றன. மரபுக் கணிதம் பொருளறியாச் சடங்காகத் தேய்ந்தது என்போர் 52 நிமிடத்தையும் ‘ஒரு சொல்லும் அறியாதவர்’ என்ற மதிப்பீட்டையும் காட்டுகின்றனர். இரு தரப்பினரும் மற்ற எண்ணைக் கணக்கில் கொள்வதில்லை.

எண்கள் சொல்வது என்ன?

இரு பிழைகளையும் ஒப்பிடுவதற்கு முன் அவை ஒரே அளவைகளா என்று பார்க்க வேண்டும். லெ ஜந்தீல் ஒப்பிட்டது கிரகணத்தின் நீட்சியை. வாரன் தருபவை ஸ்பரிசம், மத்தியம், மோட்சம் ஆகிய மூன்று கணங்கள். நீட்சி என்பது நிலவு கிரகணப் பாதையிலிருந்து எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே விலகியுள்ளது என்பதையும், நிழலின் அளவையும், நிலவின் வேகத்தையும் சார்ந்தது. நிலவின் தீர்க்காம்சத்திலோ சூரியனின் தீர்க்காம்சத்திலோ உள்ள பிழை கிரகணம் முழுவதையும் முன்னோ பின்னோ நகர்த்துமே தவிர, அதன் நீட்சியை அதிகம் மாற்றாது. கிரகணம் அரைமணி தாமதமாக வந்தாலும் நீட்சி சரியாகவே இருக்கக்கூடும். ஆகவே 41 விநாடி என்னும் எண்ணைக் கொண்டு, தமிழ்க் கணிதம் நிலவின் இடத்தை மேயரின் அட்டவணைகளைவிடத் துல்லியமாகத் தந்தது என்று முடிவு செய்ய இயலாது.

சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. நிலவின் மேல் விழும் பூமியின் நிழலுக்குக் கூரான விளிம்பு இல்லை. வளிமண்டலத்தின் காரணமாக அது மங்கலாகவே இருக்கும். முதல் தொடுகையையும் இறுதி விடுபடுதலையும் தொலைநோக்கி கொண்டு நோக்குவோர்கூட ஒரு நிமிட அளவில் வேறுபடுவது இயல்பு. எனவே 41 விநாடிக்கும் 68 விநாடிக்கும் இடையிலான வேறுபாடு, நோக்கின் ஐயப்பாட்டுக்குள் அடங்கிவிடுவது. எது சிறந்தது என்று அதைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது பொருந்தாது.

இனி 1825 ஆம் ஆண்டின் எண்களையும் நீட்சிக்கு மாற்றிப் பார்க்கலாம். தொடக்கத்தில் +4, முடிவில் −52 என்றால், நீட்சியில் நேர்ந்த பிழை 56 நிமிடம். ஒரே அளவையில் வைத்து ஒப்பிட்டால் ஒரு கிரகணத்தில் 41 விநாடி, மற்றொன்றில் 56 நிமிடம். இவ்வளவு பெரிய இடைவெளி, ஒரே ஒரு கிரகணத்தை மட்டும் கொண்டு ஒரு கணித முறையை மதிப்பிட முடியாது என்பதையே முதலில் உணர்த்துகிறது. நிலவு நிழலின் நடுவே செல்லும்போது விலகலில் நேரும் சிறு பிழை நீட்சியைச் சிறிதே பாதிக்கும். நிழலின் ஓரத்தை உரசிச் செல்லும்போது அதே பிழை நீட்சியைப் பெரிதும் மாற்றிவிடும். எனவே ஒரு முறையின் தரத்தை அறியப் பல கிரகணங்களின் பிழைகளைத் தொகுத்துப் பார்க்க வேண்டும். அவ்வாறு தொகுக்கும் நோக்கம் அன்றைய தேர்வாளர் இருவருக்கும் இருக்கவில்லை.

மத்திய காலத்தின் 23 நிமிடப் பிழையையும் அதன் உரிய அளவில் காண வேண்டும். நிலவு சூரியனைவிட மணிக்குச் சராசரியாக அரைப் பாகை முந்திச் செல்கிறது. ஆகவே 23 நிமிடம் என்பது வானில் ஏறத்தாழ 12 கலை. நிலவின் தோற்ற விட்டத்தில் பாதிக்கும் குறைவு. பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட வாக்கியங்களைத் தொலைநோக்கித் திருத்தம் எதுவுமின்றிக் கையாண்டவரின் விடை இது. ஒரு நாழிகைக்குள் அடங்கும் இப்பிழை, அன்றைய பஞ்சாங்கத் தேவைக்குப் பெரிதன்று.

வாக்கியக் கணிதத்தின் உள்ளமைப்பு

கணிதரின் மனத்தில் இருந்த அட்டவணை எத்தகையது? நிலவு தன் பாதையில் ஒரே வேகத்தில் செல்வதில்லை. அதன் வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறத்தாழ 27.55455 நாள் ஆகிறது. இக்காலம் முழு நாள்களில் அமையாததால், பல சுற்றுகள் சேர்ந்து முழு நாள்களுக்கு நெருங்கி வரும் எண்களை முன்னோர் தேர்ந்தனர். 9 சுற்றுகளுக்கு 248 நாள். 110 சுற்றுகளுக்கு 3031 நாள். 449 சுற்றுகளுக்கு 12372 நாள். முதல் எண்ணிலிருந்து ஒரு சுற்றுக்கு 27.55556 நாள் கிடைக்கிறது; இரண்டாவதிலிருந்து 27.554545, மூன்றாவதிலிருந்து 27.554566. இவற்றுள் உள்ள உறவும் எளிமையானது. 248 ஐப் பன்னிரு மடங்காக்கி 55 ஐக் கூட்டினால் 3031; அதை நான்கு மடங்காக்கி 248 ஐக் கூட்டினால் 12372. தோராயமான ஒன்றின் பிழையை அடுத்தது திருத்துமாறு இவை அமைக்கப்பட்டுள்ளன.

இவ்வெண்களுக்குக் கணிதர் வழங்கிய பெயர்களே அவற்றின் மதிப்பையும் உணர்த்துகின்றன. மெய்யெழுத்துகளுக்கு இலக்க மதிப்புத் தரும் கடபயாதி முறையில் ‘தேவரம்’ என்பதில் த (தகர வருக்கத்தின் மூன்றாம் ஒலி) 8, வ 4, ர 2. வலமிருந்து இடமாகப் படித்தால் 248. ‘கலாநிலம்’ என்பதில் க 1, ல 3, ந 0, ல 3, அதாவது 3031. ‘ரஸகரிக’ என்பதில் ர 2, ஸ 7, க 3, ர 2, க 1, அதாவது 12372. மேலும் பெரிய எண்ணான 1600984 க்கு ‘வேதம்’ என்று பெயர். அதன் முதலிரு எழுத்துகள் 4, 8 என்று அந்த எண்ணின் இறுதி இரு இலக்கங்களைத் தருகின்றன.

‘ரஸகரிக’ என்னும் சொல்லில் இரு ககரங்கள் உள்ளன. முதலாவது மெலிந்தொலிக்கும் ககரம், மதிப்பு 3. இரண்டாவது வல்லொலிக் ககரம், மதிப்பு 1. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஒன்றே. எழுத்தைப் பார்த்து மட்டும் படிப்பவருக்கு எண் கிடைக்காது. ஒலியை ஆசிரியரிடம் கேட்டுப் பயின்றவருக்கே கிடைக்கும். கிரந்த எழுத்தில் இச்சிக்கல் இல்லை. தமிழ் எழுத்தை மட்டும் அறிந்த கணிதரின் மரபு வாய்மொழியாகவே நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

வாரன் சோதித்த நாளையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். கி.மு. 3102 பிப்ரவரி 18 ஐத் தொடக்கமாகக் கொண்டு எண்ணினால் 1825 மே 31 அன்று கலியில் கழிந்த நாள்கள் 1799312. இதிலிருந்து வேதமாகிய 1600984 ஐக் கழிக்க எஞ்சுவது 198328. இதை ரஸகரிகையாகிய 12372 ஆல் வகுக்க ஈவு 16, மீதி 376. இதில் 3031 அடங்காது. 248 ஒரு முறை அடங்கி 128 எஞ்சும். கணிதர் மனப்பாடமாகக் கொண்ட 248 சந்திர வாக்கியங்களுள் 128 ஆவது வாக்கியத்தைச் சொல்லி, மேற்கண்ட ஒவ்வோர் ஈவுக்கும் உரிய துருவத்தை அதனோடு கூட்டினால் அன்றைய சூரிய உதயத்தில் நிலவின் இடம் கிடைக்கும். முதல் வாக்கியத்தின் மதிப்பு 12 பாகை 3 கலை. இறுதி வாக்கியத்தின் மதிப்பு 27 பாகை 44 கலை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட 246 மதிப்புகளும் வாக்கியங்களாக நினைவில் இருந்தாக வேண்டும்.

இது கிரகணக் கணக்கின் முதற்படி மட்டுமே. சூரியனின் இடம், ராகுவின் இடம், நிலவின் விலகல், நிழலின் அளவு, பௌர்ணமி முடியும் கணம், கிரகணத்தின் பாதி நீட்சி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பெறவேண்டும். ஒவ்வொன்றின் விடையும் அடுத்ததற்கு உள்ளீடு. முந்தைய சோழிகள் கலைக்கப்பட்டபின் எந்த எண் எதற்குரியது என்பதைக் கணிதரின் மனமே தாங்கியாக வேண்டும்.

‘கோட்பாடு அறியாதவர்’ என்னும் மதிப்பீடு

வாரனின் மதிப்பீட்டை முற்றாக மறுக்க வேண்டியதில்லை. நிலவின் வேகம் ஏன் மாறுகிறது என்று அக்கணிதரிடம் கேட்டிருந்தால், வாரன் ஏற்கும் விடை கிடைத்திராது. ஆனால் அந்த மதிப்பீடு ஒரு மனிதரிலிருந்து ஒரு மரபு முழுவதற்கும் விரிக்கப்படும்போது சிக்கல் எழுகிறது.

வாக்கியங்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. அவற்றின் பின்னே கோட்பாட்டு நூல்களும் திருத்தங்களும் இருந்தன. வாக்கிய முறையைத் தொகுத்துரைக்கும் ‘வாக்கியகரணம்’ கி.பி. 1300 அளவில் தென்னிந்தியாவில் இயற்றப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. அதற்குத் தமிழகத்தைச் சேர்ந்த சுந்தரராஜர் உரை எழுதினார். டி.எஸ். குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் நூலையும் உரையையும் பதிப்பித்து 1962 இல் சென்னையில் வெளியிட்டனர். சங்கமகிராமத்து மாதவர் சந்திர வாக்கியங்களை விகலை அளவுக்குத் திருத்தியமைத்தார். வடசேரிப் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களை நோக்கி, கணக்குக்கும் காட்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் களைய 1431 இல் ‘திருக்கணிதம்’ என்னும் முறையை வகுத்தார். சுந்தரராஜர் எழுப்பிய வானியல் வினாக்களுக்கு நீலகண்ட சோமயாஜி விடையெழுதினார் என்றும் அறிகிறோம். தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே இத்தகைய வினாவிடை நிகழ்ந்ததென்றால், அறிந்தோர் ஒருவரையொருவர் சோதித்துத் தெளியும் வழக்கம் ஐரோப்பியர் வருகைக்கு முன்னரே இம்மரபுக்குள் இருந்தது என்று கொள்ளலாம்.

ஆக, கோட்பாட்டை ஆக்கியோரும் வாக்கியத்தைக் கையாண்டோரும் வேறு வேறானவர்கள். ஊர்தோறும் பஞ்சாங்கம் கணிப்பவருக்குக் கோட்பாடு முழுவதும் தெரிந்திருக்க வேண்டாம் என்பதற்காகவே வாக்கியங்கள் ஆக்கப்பட்டன. அச்சிட்ட அட்டவணையைப் பார்த்துக் கடலில் தன் இடத்தை அறியும் மாலுமி மேயரின் கணிதத்தை அறிந்திருக்க வேண்டியதில்லை. மாலுமியின் அறியாமையைக் கொண்டு ஐரோப்பிய வானியலை எவரும் மதிப்பிடவில்லை. புதுச்சேரிக் கணிதரின் அறியாமையைக் கொண்டு மட்டும் தமிழ் வானியல் மதிப்பிடப்பட்டது. சோதனையில் இருந்த சமமின்மை இதுதான்.

விடையிலிருந்து தொன்மை பற்றிய விவாதத்துக்கு

லெ ஜந்தீல் கொண்டுசென்ற தமிழ் அட்டவணைகள் ஐரோப்பாவில் வேறொரு விவாதத்துக்குள் இழுக்கப்பட்டன. நாகப்பட்டினத்துக்கு மேற்கேயுள்ள திருவாரூரின் பெயரால் அவை அங்கே அறியப்பட்டன. பிரெஞ்சு வானியலர் பாயி 1787 இல் வெளியிட்ட தம் நூலில், கி.மு. 3102 என்னும் கலியுகத் தொடக்கம் உண்மையான வான்நோக்கின் அடிப்படையில் அமைந்தது என்று வாதிட்டார். ஸ்காட்லாந்தின் ஜான் பிளேஃபேர் அதை வலுவாக ஆதரித்தார். லாப்லாஸ் மறுத்தார், அட்டவணைகள் கருதுவது போலக் கோள்கள் யாவும் அந்நாளில் ஒன்றுகூடவில்லை என்பது அவர் வாதம். வங்காளத்திலிருந்து ஜான் பென்ட்லி இன்னும் கடுமையாக எதிர்த்தார்.

இவ்விவாதத்தில் கணிதரின் திறன் பின்னுக்குத் தள்ளப்பட்டது. ‘இவர் எப்படிக் கணிக்கிறார்?’ என்ற வினா, ‘இவருடைய முன்னோர் எவ்வளவு பழையவர்?’ என்ற வினாவாக மாறிற்று. தொன்மை மெய்ப்பட்டால் மரபு உயர்ந்தது, மெய்ப்படாவிட்டால் தாழ்ந்தது என்னும் அளவுகோல் அங்கிருந்தே தொடங்குகிறது. இன்றும் தமிழில் எழுதப்படும் அறிவியல் வரலாறுகள் பலவும் இந்த அளவுகோலிலிருந்து விடுபடவில்லை.

முறையைப் பற்றிய வினா மீண்டும் எழ 1952 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஓட்டோ நொய்கெபவர் தமிழ் வானியலைப் பற்றி எழுதிய கட்டுரையில் லெ ஜந்தீல், வாரன் ஆகியோரின் பதிவுகளை மீண்டும் ஆராய்ந்தார். 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும், 248, 3031 ஆகிய எண்கள் எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரசிலும், ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் இயற்றிய ‘பஞ்சசித்தாந்திகை’யிலும் காணப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். பிழை எத்தனை நிமிடம் என்பதைவிட, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கணித மரபு 1825 இல் ஒருவரின் கையில் உயிருடன் இருந்தது என்பதே அவருக்கு முதன்மையாகப் பட்டது. வான் டெர் வேர்டனும் அதே பத்தாண்டில் இப்பொருளை ஆராய்ந்தார். வாரன் ‘ஒரு சொல்லும் அறியாதவர்’ என்று குறித்த மனிதர், மெசபடோமியா முதல் தமிழகம் வரை நீண்ட ஓர் அறிவுத் தொடர்ச்சிக்குச் சாட்சியாக நின்றார். தம்மை அறியாமலே சாட்சியானார் என்று கூறுவதும் முழு உண்மையாகாது. வாக்கியங்களைப் பிழையின்றி ஒப்படைப்பதே தம் கடமை என்பதை அவர் அறிந்திருந்தார்.

மரபுக்குள்ளிருந்து எழுந்த சோதனை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோதிப்பவரின் இடத்துக்கு ஓர் இந்தியர் வந்தார். சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராகப் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867 இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872 இல் இங்கிலாந்தின் அரச வானியல் கழகத்தின் உறுப்பினரானார். தொலைநோக்கியையும் பஞ்சாங்கத்தையும் ஒருங்கே அறிந்தவர் அவர். வாக்கியக் கணக்குக்கும் வானக் காட்சிக்கும் இடையே வளர்ந்துவந்த விலகலைத் திருத்தித் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார்.

1874 திசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் மீண்டும் சூரிய வட்டத்தைக் கடந்தது. லெ ஜந்தீல் புதுச்சேரியில் தவறவிட்ட நிகழ்வுக்கு அடுத்த கடப்பு அது. அதை மக்களுக்கு விளக்க ரகுநாதாச்சாரியார் ஒரு சிறுநூலை உரையாடல் வடிவில் எழுதினார். அது ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் வெளிவந்தது. கணிப்பவருக்குக் கோட்பாட்டையும், கோட்பாடு அறிந்தவருக்கு மரபுக் கணக்கையும் உணர்த்தும் முயற்சியாக அதைக் காணலாம். வாரன் தம் கணிதரிடம் கண்ட இடைவெளியை இவர் கற்பிப்பதன் மூலம் நிரப்ப முயன்றார் எனலாம். அதே கணக்கில் பிழை கண்டவர் இருவரே; ஆனால் ஒருவருக்கு அது கணிதரை மதிப்பிடும் சான்றாயிற்று, மற்றவருக்குக் கணக்கைத் திருத்தும் பொறுப்பாயிற்று. வாக்கியம், திருக்கணிதம் என்னும் இரு பஞ்சாங்கங்களும் இன்றும் தமிழகத்தில் வழக்கில் உள்ளன. ஒரே பெயர்ச்சிக்கு இரு தேதிகள் அறிவிக்கப்படுவது அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்பதைக் காட்டுகிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவதாக, 1765 கிரகணத்தின் 41 விநாடியும் 1825 கிரகணத்தின் 52 நிமிடமும் ஒரே வகை அளவைகள் அல்ல. நீட்சி என்னும் ஒரே அளவையில் வைத்தால் அவை 41 விநாடியும் 56 நிமிடமும் ஆகின்றன. தனித்து எடுக்கப்பட்ட எந்த ஓர் எண்ணும் தமிழ்க் கணிதத்தின் மேன்மையையோ தேய்வையோ நிறுவப் போதாது.

இரண்டாவதாக, கோட்பாட்டு அறியாமை என்னும் மதிப்பீடு, ஆக்கியோரையும் கையாண்டோரையும் வேறுபடுத்தாமல் எழுந்தது. மனப்பாடம் என்று சுருக்கப்பட்ட அத்திறன், ஒலி வேறுபாட்டில் எண்ணை அறிதல், அடுக்கடுக்கான வகுத்தல், இடைநிலை விடைகளை மனத்தில் தாங்குதல் ஆகியவற்றை உள்ளடக்கியது. தேர்வாளர்களின் அளவுகோல் இவற்றை அறிவு என்று எண்ணவில்லை.

மூன்றாவதாக, இச்சோதனைப் பதிவுகளைத் தமிழ்க் கணித மரபின் இறுதித் தீர்ப்பாகக் கொள்ளாமல், ஒரு குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இருவருக்கிடையே நிகழ்ந்த உரையாடலின் ஆவணமாகவே கொள்ள வேண்டும். அவ்வுரையாடலின் மறுபாதி நூலகங்களில் உள்ள வாக்கியச் சுவடிகளிலும், அச்சான பழைய பஞ்சாங்கங்களிலும் உள்ளது. ஒரு நூற்றாண்டுக் காலப் பஞ்சாங்கங்களின் கிரகணக் குறிப்புகளைத் திரட்டி, இன்றைய கணிப்போடு ஒப்பிட்டால் வாக்கிய முறையின் உண்மையான பிழைப் பரவலை அறியமுடியும். லெ ஜந்தீலும் வாரனும் ஒரு கிரகணத்தோடு நிறுத்திய சோதனையை அவ்வாறு தொடர்வது தமிழாய்வின் முன்னுள்ள பணியாகும்.